வாயசைப்பு

க்ரிம்ஸ்பி
ஜனவரி 16, 1994

அன்புள்ள லெஸ்,

நீயும் உன் முதுகும் நலமா? 'பெரியம்மாவை நான்தான் சுமப்பேன்' என்று அம்மாவின் சவப்பெட்டியை நீ தோளில் தூக்கியபோதே, இவன் நாளைக்கு எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்தேன். பனியில் அவ்வளவு தூரம் வந்து நின்றதற்கு நன்றி. அன்று கூட்டத்தில் சொல்ல வாய்க்கவில்லை.

இங்கே சொல்ல ஒன்றுமில்லை. மீன் தொழிற்சாலையில் மீன் வரும் கன்வேயர் பட்டை ஓடுகிறது, நானும் அதன் முன்னால் நிற்கிறேன். இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது. மேற்பார்வையாளர் கேட்டால் இன்னும் எட்டு இருக்கிறதே என்பார்.

அம்மாவின் வீட்டைப் பிப்ரவரி முடிவுக்குள் காலி செய்து நகராட்சியிடம் சாவியைக் கொடுக்க வேண்டும். அலமாரியில் நைஜலின் போட்டோக்கள் கிடைத்தன. பதினேழு போட்டோ. பதினேழிலும் முறைத்துக்கொண்டு நிற்கிறான். பங்க் ராக் பாட்டுக்காரன் சிரிக்கக் கூடாதாம். முள்ளம்பன்றித் தலையும் கண்மையுமாக, யாரோ அவன் சைக்கிளைத் திருடிவிட்ட மாதிரி ஒரு முகம். என் தம்பி நடந்தால் எப்படி இருப்பான், திரும்பினால் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை, லெஸ். எனக்குப் பயமாகிவிட்டது.

ஆகவே இதை எழுதுகிறேன். நீயும் நைஜலும் உங்கள் குழுவோடு எழுபத்தொன்பதில் டி.வி.யில் பாடிய அந்த நாடா எனக்கு வேண்டும். குழு 'ஈரச் சுவர்கள்', பாட்டு 'கவுன்ட்டர் நம்பர் ஆறு'. நீ அதே நிலையத்தில், நாடாக்களை வைத்திருக்கும் அறையிலேயே வேலை பார்க்கிறாய். வாரத்தில் ஐந்து நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறாய். இந்தக் கோடையில் அந்த அறையைக் காலி செய்யப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். அதற்குள் ஒரு வீடியோ கேசட்டில் ஏற்றி அனுப்பு.

அன்று நான் மாலை ஷிப்ட்டில் இருந்தேன். அம்மா கோபத்தில் பிங்கோ விளையாடப் போய்விட்டாள். அப்பா கடலில். எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுத் திருமதி பிண்டர்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள்: "உங்க நைஜல் ஆட்டுக்குட்டி மாதிரி குதிச்சான்டி, மைக்கையே தின்னுடுவான் போல." அம்மா சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூணு வாரம் முன்னாடி ஆட்டுக்குட்டி மாதிரி குதிச்ச பையன், ராத்திரியோட ராத்திரியா மூச்சிளைப்பு வந்து போயிட்டானே என்று.

அந்தக் குதியை நான் பார்க்க வேண்டும். போனில் கேட்டால் நீ மழுப்புவாய் என்பதால் கடிதம்.

மோனிகாவுக்கு என் அன்பு. இருமலுக்குத் தேன் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
அக்கா கிளெண்டா


லீட்ஸ்
பிப்ரவரி 6, 1994

அன்புள்ள கிளெண்டா அக்கா,

உன் கடிதம் வந்தது. முதுகு பரவாயில்லை. மோனிகாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் விரல்களை டாக்டரிடம் காட்டு. எட்டு இருக்கிறது என்று அந்த ஆள் சொல்வதற்கு முன் நீயே சொல்லிக்கொள்ளாதே.

நாடா விஷயம். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று மூன்று வாரம் யோசித்தேன். அது இல்லை, அக்கா. துடைத்தாயிற்று.

அந்தக் காலத்து நாடா இரண்டு அங்குல அகலம். ஒரு சுருளைத் தூக்கினால் ஒரு வயதுக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். விலையும் அதிகம். அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் பெரிய காந்தத்தின் மேல் வைத்துத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே வேறொன்றைப் பதிவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் எனக்கு அதுதான் வேலை. பாதிரியார்களின் பேச்சைத் துடைத்திருக்கிறேன், தேர்தலைத் துடைத்திருக்கிறேன். உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் கத்தியதை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

இருந்தாலும் உனக்குப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. அங்கே யாரும் பாடவில்லை. இசைத்தட்டைப் போட்டுவிடுவார்கள், நாங்கள் அதற்கு வாயசைக்க வேண்டும். கிடாருக்கு வயரே இணைக்கவில்லை. டிரம்ஸில் சத்தம் வரக் கூடாதென்று பிளாஸ்டிக் தட்டுகளை மாட்டியிருந்தார்கள். முட்டாள்தனமான வேலை. நைஜலின் குரல் தட்டில் இருக்கிறது. உன்னிடம் தட்டு இருக்கிறது. அது போதும் என்று நினைத்துக்கொள்.

அன்று அவன் நன்றாகத்தான் இருந்தான்.

வீட்டைக் காலி செய்ய ஆள் வேண்டுமானால் எழுது.

அன்புடன்,
லெஸ்


க்ரிம்ஸ்பி
பிப்ரவரி 13, 1994

அன்புள்ள லெஸ்,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைத் தொழிற்சாலை கேன்டீனில் வைத்துப் படித்தேன். அழவில்லை. அங்கே அழுதால் வெங்காயமா மீனா என்று கேட்பார்கள். சாவியைக் கொடுத்தாயிற்று. ஆள் தேவைப்படவில்லை, நானே இழுத்துப் போட்டேன்.

தட்டு என்னிடம் இருக்கிறதுதான். பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன். குரல் மறக்காது. எனக்கு வேண்டியது அந்த வாய். அந்த வாய் அசைவதை நான் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலையில் அவன் சமையலறை வாசலில் நின்று, "அக்கா, ஒரு நாள் ஷிப்ட்ட விட்டுட்டு டி.வி. முன்னாடி உக்காரேன்" என்றான். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நீ சும்மா வாயசைக்கிறத பாக்க நான் ஒரு நாள் சம்பளத்த விடணுமா?" என்றேன். அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நாங்கள் பேசியது உப்பு எங்கே, துண்டு எங்கே என்பது மட்டும்தான். பிறகு உங்கள் வேனில் ஊர் ஊராகப் பாடக் கிளம்பினான். பிறகு கார்லைலிலிருந்து போலீஸ்காரர் போன் செய்தார்.

ஆகவே அதைப் பார்த்துவிட்டால் என் கடன் தீரும் என்று நினைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் வேறு யார் வீட்டிலாவது பதிவு செய்திருக்கக் கூடுமா என்று விசாரித்துப் பார். அப்போதே வீடியோ மெஷின் வைத்திருந்த பணக்காரர்கள் உங்கள் ஆபீஸில் இருந்திருப்பார்களே.

அன்புடன்,
கிளெண்டா


லீட்ஸ்
ஏப்ரல் 2, 1994

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீஸில் எண்ணிக்கை வேலை, அலமாரி அலமாரியாகச் சுருள்களை எண்ணுகிறோம். முதுகு பழையபடி பிடித்துக்கொண்டது. மோனிகா ஈஸ்டருக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? விரல்?

விசாரித்தேன். யாரிடமும் இல்லை.

நீ அன்று காலையில் சொன்னதை அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. வேனில் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் பேசினான். அதை மட்டும் நம்பு.

நாடாவை விட்டுவிடு, அக்கா. இருந்திருந்தாலும் அது நீ நினைக்கிற மாதிரி இருந்திருக்காது. டி.வி.யில் பார்த்தால் எல்லாரும் வேறு ஆளாகத்தான் தெரிவார்கள். ஒரு நாள் கிளம்பி இங்கே வா. மோனிகா இறைச்சி அப்பம் சுடுவாள். சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அன்புடன்,
லெஸ்


க்ரிம்ஸ்பி
ஏப்ரல் 10, 1994

லெஸ்,

நலம்.

ஏழு வாரம் கழித்து எழுதுகிறாய், அதில் பாதி உன் முதுகு. 'விசாரித்தேன். யாரிடமும் இல்லை.' யாரிடம் விசாரித்தாய், என்ன கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி கிடையாது. சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டும் இப்படித்தான் பேசுவாய்.

நான் நேரே உங்கள் நிலையத்துக்கு எழுதிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே. பாடகரின் அக்கா என்று மட்டும் எழுதினேன்.

இறைச்சி அப்பத்துக்கு நன்றி என்று மோனிகாவிடம் சொல்.

கிளெண்டா


க்ரிம்ஸ்பி
மே 22, 1994

அன்புள்ள லெஸ்,

உன் பதிலுக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். உடம்புக்கு ஏதாவது என்று நினைத்து மோனிகாவுக்குப் போன் செய்தேன். நீ நன்றாக இருப்பதாகவும் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். நல்லது.

உங்கள் நிலையத்திலிருந்து பதில் வந்தது. மிஸ் ஃபேர்பிராஸ் என்று ஒருவர். மிக மரியாதையான கடிதம். நாடா இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் துடைத்ததாகவும் குறிப்பு இல்லை என்கிறார். கூடவே அந்தச் சுருளுக்கான அட்டையைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்த அட்டை என் முன்னால், டீக் கோப்பையின் பக்கத்தில் இருக்கிறது. மேலே நிகழ்ச்சியின் பெயரும் தேதியும். கீழே இப்படி எழுதியிருக்கிறது: 'குறையுள்ள நாடா. மறுபதிவுக்கு உதவாது. துடைக்க வேண்டாம். செப்டம்பர் 1981.' அதன் கீழே ஒரு கையெழுத்து. 'க' என்ற எழுத்துக்கு வால் வைத்து இழுக்கிற கிறுக்குத்தனம் உலகத்தில் ஒரே ஒரு லெஸ் கட்ஸுக்குத்தான் உண்டு. உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் உன் அம்மாவின் கையெழுத்தை நீ போட்டுக்கொண்ட காலத்திலிருந்தே எனக்கு அது தெரியும்.

நல்ல நாடாவைத்தான் துடைத்து மறுபடி பயன்படுத்துவார்கள், கெட்டுப்போனதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்று மிஸ் ஃபேர்பிராஸ் விளக்கியிருக்கிறார். பழைய மெஷின் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அதையும் ஆகஸ்டில் எடுத்துப் போகிறார்களாம். பிறகு அந்தச் சுருளைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வைக்கலாமாம்.

நீ வேலைக்குச் சேர்ந்த மாதம் செப்டம்பர் 1981. சேர்ந்த கையோடு அதைத் தேடி எடுத்துக் காப்பாற்றியிருக்கிறாய். அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிறகு ஏன் என்னிடம் துடைத்தாயிற்று என்று எழுதினாய் என்பதுதான் புரியவில்லை. என்மேல் உனக்கு என்ன கோபம்?

அன்புடன்,
கிளெண்டா


லீட்ஸ்
ஜூன் 19, 1994

அன்புள்ள அக்கா,

உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உடம்பு நலம். தூக்கம்தான் சரியாக இல்லை.

நாடா இருக்கிறது. என் மேஜைக்குப் பின்னால், கீழ்த்தட்டில், பதின்மூன்று வருஷமாக இருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. குறை என்று எழுதினால்தான் அது தப்பிக்கும் என்பதால் எழுதினேன்.

பொய் சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்த நாடாவில் மைக்கின் முன்னால் நிற்பது நைஜல் இல்லை. நான்.

பாடுகிறவன் டிரம்ஸில், டிரம்ஸ்காரன் மைக்கில் என்று நாங்கள் இடம் மாற்றிக்கொண்டோம். அப்போது நிறைய பேர் அப்படிச் செய்தார்கள். வாயசைக்கச் சொன்ன டி.வி.க்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு வழி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தலை, ஒரே கண்மை, ஒரே கிழிந்த கோட். திருமதி பிண்டர் பார்த்த ஆட்டுக்குட்டி நான்தான். நைஜல் பின்னால், டிரம்ஸ் தட்டுகளுக்கு நடுவில், பாதி தெரிந்தும் தெரியாமலும் உட்கார்ந்திருக்கிறான்.

வெறும் விளையாட்டு, அக்கா. அவன் வாயசைப்பதைப் பார்க்க நீ பதினைந்து வருஷம் காத்திருந்துவிட்டு என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அன்புடன்,
லெஸ்


க்ரிம்ஸ்பி
ஜூன் 26, 1994

அன்புள்ள லெஸ்,

இங்கே நலம் என்று எழுத வேண்டுமா? வேண்டுமானால் நலம்.

முதலில் அம்மாவை நினைத்துக்கொண்டேன். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூட அந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னாள். உன்னைப் பற்றிச் சொல்கிறோம் என்று தெரியாமலேயே செத்துப்போனாள். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாய். அன்று நீ ஏன் அதை உரித்துக்கொண்டே இருந்தாய், யாருக்கும் கொடுக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

சரி. விளையாட்டு என்கிறாய். எனக்கு வயது முப்பத்தொன்பது, எட்டு விரல், ஆனால் மூளை முழுசாக இருக்கிறது. நைஜல் அந்த நிகழ்ச்சிக்காக ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்றான். குளியலறையை அடைத்துக்கொண்டு, சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு. நான் வேலைக்கு நேரமாகிறது என்று கதவை உதைத்திருக்கிறேன். "அக்கா, கேமரா இடது பக்கத்துலேந்து வந்தா என்ன பண்றதுன்னு பாக்கறேன்" என்பான். அவனா மைக்கை உன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான், கிண்டலுக்காக? மைக்கைப் பிடுங்க வந்தவன் கையைக் கடிக்கிற ஆள் அவன்.

நீ முதல் கடிதத்தில், நான் கேட்காமலேயே ஒரு வரி எழுதினாய். 'அன்று அவன் நன்றாகத்தான் இருந்தான்' என்று. அந்த வரி தனியாக, ஒரு பத்தியாக இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன்.

லெஸ், அன்று அவன் நன்றாக இருந்தானா?

எனக்குக் களைப்பாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதாதே. மோனிகாவின் இருமல், உருளைக்கிழங்கு, முதுகு எதுவும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

கிளெண்டா


லீட்ஸ்
ஜூலை 24, 1994

அக்கா,

நீ சொன்னபடி வேறெதுவும் எழுதவில்லை.

இல்லை. அவன் நன்றாக இல்லை.

காலையில் வேனில் ஏறும்போதே இளைத்தது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடியே வந்தான். நிலையத்துக்கு வந்து ஒப்பனை அறையில் உட்கார்ந்ததும் கொஞ்சம் தேவலை என்றான். பிறகு ஸ்டூடியோவுக்குள் கூட்டிப் போனார்கள். பாட்டு நிகழ்ச்சி என்றால் அவர்கள் தரையில் புகை விடுவார்கள், அழகாக இருக்குமாம். அந்தப் புகை அவன் நெஞ்சுக்குள் போனது. வெளியே நடைபாதைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு மருந்துப் பம்ப்பை இரண்டு முறை இழுத்தான். மூன்றாம் முறை அதில் ஒன்றும் வரவில்லை.

உதடு நீலமாக இருந்தது. கண்மை வழிந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. நான், "நைஜல், இங்க நர்ஸ் யாராவது இருப்பாங்கடா, கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"கூப்ட்டே, கொன்னுடுவேன்."

"மூஞ்சியப் பாத்தியா? நிக்கவே முடியல உன்னால."

"உக்காந்துக்கறேன். நான் டிரம்ஸ்ல உக்காந்துக்கறேன். நீ முன்னாடி போ. உனக்குத்தான் வார்த்தையெல்லாம் தெரியுமே. சும்மா வாயத் தொறந்து தொறந்து மூடு."

"இது உன் பாட்டுடா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா வேன்ல ஏத்த மாட்டா, லெஸ். பதினோரு ஊரு. பதினோரு ஊருல நம்ம பேரு போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

மேடைப் பொறுப்பாளர் காகிதத்தோடு வந்து, "இதுல பாடறது யாருப்பா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். கிடார்க்காரப் பையன்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்பேன். முடியவில்லை. ஒளிபரப்பான மறுநாள், வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். நீ ஷிப்ட்டில் இருந்தாய். வறுத்த மீன், உருளைக்கிழங்கு. நைஜல் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவனை அனுப்புவதா வேண்டாமா என்று பெரியம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. வாசலில் திருமதி பிண்டர் கத்திவிட்டுப் போனதைக் கேட்டிருந்தார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் கேட்டார்.

"லெஸ், நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்டே. நெஜமாவே அவனுக்கு இளைப்பே வரலையா?"

அப்போது சொல்லியிருக்கலாம். என் வாயில் உருளைக்கிழங்கு இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "இளைப்பா? ஆட்டுக்குட்டி மாதிரி குதிச்சான் பெரியம்மா" என்றேன்.

"அப்பன்னா போயிட்டு வரட்டும்" என்றார்.

அவர் அனுப்பினார் என்று ஊரே சொன்னது. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தார். அனுப்பியது நான்.

கார்லைலுக்கு வெளியே வேனில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம். எழுந்தபோது அவன் ஜன்னலில் சாய்ந்திருந்தான். அவ்வளவுதான், அதைப் பற்றி நீ அறியாதது ஒன்றுமில்லை.

நாடாவை நான் காப்பாற்றினேன் என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்ததே அதைத் துடைப்பதற்காகத்தான். யாராவது போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். காந்தத்தின் மேல் வைத்தேன், பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. அதனால் குறையுள்ள நாடா என்று எழுதிக் கீழ்த்தட்டில் தள்ளினேன்.

கேசட்டில் ஏற்றியிருக்கிறேன். இதோடு வருகிறது. நான் பார்க்கவில்லை. மெஷின் ஓடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லெஸ்


க்ரிம்ஸ்பி
செப்டம்பர் 4, 1994

லெஸ்,

கேசட் ஜூலை கடைசியிலேயே வந்துவிட்டது. மூன்று வாரம் ரொட்டி டப்பாவின் மேல் கிடந்தது. அதன் பக்கத்திலேயே நின்று தினமும் மதியச் சாப்பாட்டைக் கட்டினேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று இரவு உனக்கு ஒரு பதில் எழுதினேன். நான்கு பக்கம். மறுநாள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். அதில் இருந்ததெல்லாம் நீ ஏற்கெனவே உனக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என்று தோன்றியது. நான் வேறு தபால் செலவு செய்து சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், கதவைப் பூட்டிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். இரண்டே முக்கால் நிமிடம். அதற்குப் பிறகு பலமுறை பார்த்தாயிற்று. இப்போது எனக்கு அதில் தெரியாதது ஒன்றுமில்லை, நீ பார்க்கவில்லை என்பதால் சொல்கிறேன்.

நீ முன்னால் நிற்கிறாய். பார்க்கச் சகிக்கவில்லை, முழங்கால் இரண்டும் வெளியே தெரிகிறது. நைஜல் முதல் பாதியில் தலைமுடி மட்டும்தான். புகைக்கு மேலே ஒரு முடிக்கற்றை, ஒரு கை. அந்தக் கை தாளத்தோடு சேரவே இல்லை. பாட்டு ஒரு பக்கம் ஓடுகிறது, குச்சி ஒரு பக்கம் விழுகிறது. நடுவில் ஒரு முறை கேமரா அவனிடம் போகிறது. நான்கு விநாடி இருக்கும். முறைக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது. அவன் குரல் அந்த நேரத்தில் 'அடுத்த ஆள்' என்று கத்துகிறது, தெரியாதவர்கள் பார்த்தால் அவனும் கத்துகிறான் என்று நினைப்பார்கள். கத்தவில்லை, மூச்சுக்குத் தவிக்கிறான். என் தம்பியின் வாய் அசைவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன் அல்லவா? பார்த்துவிட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உன்னைக் கவனித்தேன். பாட்டு நடக்கும்போது நீ திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறாய். ஆடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, சாக்காக அவனைப் பார்க்கிறாய். குதிக்கிற மாதிரி ஒரு குதி குதித்து, இறங்கும்போது பார்க்கிறாய். திருமதி பிண்டர் ஆட்டம் என்று நினைத்ததெல்லாம் அதுதான். மைக்கை விட்டு அவ்வளவு முறை திரும்பியதால் பாதி வரிகளுக்கு உன் வாய் மூடியே இருக்கிறது. நைஜலின் குரல் தனியாகக் கேட்கிறது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு முறை. கடைசி முறை திரும்பியவன், பாட்டு முடிந்து விளக்கு அணைகிறவரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படம் உன் முதுகோடு முடிகிறது.

அந்தப் பையனைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அழுதேன். இருபத்தொரு வயது. தம்பி மூச்சுத் திணறுகிறான் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள். கிட்டப் போகவும் முடியாமல், நிறுத்தவும் தெரியாமல், குதித்துக்கொண்டே பதினொரு முறை பார்க்கிறான். அந்தப் பையன் மட்டும் இங்கே வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுப்பேன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

உன்மேல்தான் கோபம், லெஸ். மறுநாள் உருளைக்கிழங்கை விழுங்கியவன்மேல். பதினைந்து வருஷம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தவன்மேல். டி.வி.யில் அன்று உன் வேலையே வாயைத் திறப்பதுதான். அதையும் அவனுக்காக விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். வீட்டில் வந்து, திறக்க வேண்டிய இடத்தில், அம்மா தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டபோது, வேறு யாரோ போட்ட பாட்டுக்கு அசைத்துவிட்டுப் போய்விட்டாய்.

கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷம் வர வேண்டாம். அடுத்த வருஷத்தைப் பற்றி அடுத்த வருஷம் எழுதுகிறேன். மோனிகாவிடம் என்ன சொல்வது என்று நீயே பார்த்துக்கொள், ஆனால் உள்ளதைச் சொல்.

தபாலில் கேசட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். இனிமேல் சுவரைப் பார்க்காதே. உட்கார்ந்து ஒரு முறை முழுசாகப் பார். அவனை நீ எப்படிப் பார்த்தாய் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

'அன்புடன்' என்று எழுதக் கை வரவில்லை.

உன் அக்காதான்,
கிளெண்டா